கேஸ் மெஷின் இல்லாமல் நாய்க்கு மயக்கம்: எந்த மருந்தோடு எதைச் சேர்க்கலாம்?

கோத்தகிரி வெட்:
சின்ன கிளினிக், கேஸ் மெஷின் (மயக்க வாயு கொடுக்கும் கருவி) கிடையாது. பெண் நாய்க் கருத்தடைக்கு அடக்கும் மருந்து சைலசின், மயக்க மருந்து கெட்டமின் இரண்டும்தான் போடுகிறேன். வயிற்றைத் திறக்கும் வரை பிரச்சினை இல்லை, சூலகத்தை மேலே இழுக்கும்போது நாய் உடம்பை முறுக்குகிறது, டாப்-அப் (கூடுதல் டோஸ்) போட்டால் அப்புறம் தெளிய சாயங்காலம் ஆகிவிடுகிறது. கூட என்ன சேர்க்கலாம்?

குன்னூர்க்காரர்:
டாக்டர், அது வலி. மயக்க மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் தீராது. சைலசினைக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமாகக் குறைத்து, வலி மருந்தான பியூட்டார்ஃபனால் 0.2 சேர்த்துத் தசையில் போட்டு, கால் மணி நேரம் சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். பிறகு கெட்டமின் 5, தசையைத் தளர்த்தும் டயசெபாம் 0.25, நரம்பில், நாய் எப்படி அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து. டாப்-அப் இந்த கெட்டமின்-டயசெபாம் கலவையில் மூன்றில் ஒரு பங்கு போதும். சைலசினை மறுபடி தொடவே வேண்டாம், இதயத்துடிப்பு ஏற்கெனவே இறங்கியிருக்கும். சூலகத்தைப் பிடித்திருக்கும் நாரில் கொஞ்சம் லிக்னோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) விட்டால் அந்த முறுக்கல் நன்றாகக் குறையும். டயசெபாமை கெட்டமினோடு மட்டும் ஒரே சிரிஞ்சில் எடுத்து உடனே போடலாம், வேறெதோடும் கலக்காதீர்கள்.

கொடைக்கானல் வெட்:
நரம்பில் போடும் மயக்க மருந்து புரோபோஃபால் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். முன்மருந்து (மயக்கத்துக்கு முன் போடும் அடக்கும் மருந்து) போட்ட நாய்க்குக் கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை, ஒரு நிமிடமாவது எடுத்து மெதுவாக, வேகமாகத் தள்ளினால் மூச்சு நின்றுவிடும். ஆனால் அது வலியைத் தடுக்காது. என் கவலை வேறு. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் 2000 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சென்னையில் வெறும் காற்றிலேயே சமாளிக்கிற நாய் இங்கே சீக்கிரம் திணறும். எந்தக் கலவையானாலும் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு ஆக்சிஜன் கொடுங்கள், முதலில் சிலிண்டர் வாங்குங்கள். தெளியத் தாமதமாவதற்குக் குளிரும் பெரிய காரணம், உடம்புச் சூடு இறங்கினால் மருந்து உடைவதும் மெதுவாகும். வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வையுங்கள், நேரே வைத்தால் தோல் வெந்துவிடும்.

கோத்தகிரி வெட்:
ரொம்ப நன்றி சார். சைலசினை முறிக்கும் யோஹிம்பின் போட்டு எழுப்பலாமா? அடுத்து ஒரு சிப்பிப்பாறை வருகிறது.

குன்னூர்க்காரர்:
உடனே போடாதீர்கள். கெட்டமின் மிச்சமிருக்க சைலசினை மட்டும் முறித்தால் நாய் விறைத்துக் கத்தும், வலிப்பும் வரலாம். கடைசி கெட்டமினுக்கு அப்புறம் நாற்பது நிமிடமாவது போகட்டும். சிப்பிப்பாறை கிரேஹவுண்ட் மாதிரி கொழுப்பில்லாத உடம்பு, சட்டென்று குளிர்ந்துவிடும், அதற்கு தயோபென்டோன் என்ற மயக்க ஊசி வேண்டவே வேண்டாம். எடையைக் கண்ணால் கணக்குப் போடாமல் தராசில் நிறுத்தியே மருந்து எடுங்கள்.