மகன் கொண்டுவந்த டிஎச்இஏ மாத்திரை: 69 வயதில் தொடரலாமா?

கும்பகோணத்தான் கேட்டது:

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வயது 69. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. விடியற்காலையில் பகவத் படித்துறை வரை நடந்து திரும்புகிறேன்.

பொங்கல் கழிந்த வாரம் அரிசிக்கடைப் பையன் 25 கிலோ சிப்பத்தைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போனான். தூக்கப் போனேன். முழங்கால் உயரம் வரைதான் வந்தது. இரண்டு வருடம் முன்பு வரை அதைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனவன் நான். கடைசியில் பழைய சாக்கை விரித்து, அதன்மேல் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். இதை டல்லாஸில் இருக்கும் மகனிடம் சிரிப்பாகச் சொல்லப்போக, ஊருக்கு வந்தபோது டிஎச்இஏ என்ற ஹார்மோன் மாத்திரை, 50 மில்லிகிராம், இரண்டு பாட்டில் கொண்டுவந்துவிட்டான். "இருபது வயதில் சுரந்ததில் கால்வாசிகூட இப்போது உங்களுக்குச் சுரக்காது அப்பா. குறைந்ததை நிரப்புகிறோம், அவ்வளவுதான்" என்கிறான். அங்கே வைட்டமின் அடுக்கிலேயே விற்கிறார்களாம்.

பத்தொன்பது நாள் சாப்பிட்டிருக்கிறேன். பலம் வந்ததாகத் தெரியவில்லை. மூக்கு நுனியில் பரு வந்திருக்கிறது. "கல்யாணத்தன்று வந்திருக்கவேண்டியது, வழி தவறி இப்போது வந்திருக்கிறது" என்கிறாள் மனைவி.

1889-இல் பாரிஸில் பிரௌன்-சேக்கார் என்ற 72 வயது விஞ்ஞானி நாய், கினிப் பன்றி விதைகளின் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்த கதையை வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன் நான். இன்று நானே அந்த வரிசையில் நிற்கிறேனோ என்று சந்தேகம். மகன் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை மருந்தாளுநர்:

சார், ஓட்டை "நிரப்புகிறோம்" என்ற சொல்லில் இருக்கிறது. டிஎச்இஏ சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் உண்டாகி, உடம்புக்குள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனாகவும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுகிற பொருள். எழுபதை நெருங்கும்போது உங்களோடு படித்த அத்தனை பேருக்கும் அது குறைந்துதான் இருக்கும், அது நோய் இல்லை. அட்ரீனல் சுரப்பியே பழுதானவருக்கு மருத்துவர் ஹார்மோன் கொடுப்பது வேறு சங்கதி.

நிரப்பியும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு 2006-இல் வெளியானது. முதிய ஆண்கள் 87 பேர், பெண்கள் 57 பேர், இரண்டு வருடம். டிஎச்இஏ பிரிவில் ஆண்களுக்குத் தினம் 75 மில்லிகிராம், உங்களுடையதைவிட அதிகம். இரத்தத்தில் அளவு இளவயதுக்காரர்களைப் போல ஏறியது. ஆனால் தசை பலம், உடல் திறன், இன்சுலின் வேலை செய்யும் விதம், வாழ்க்கைத் தரம் எதிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இளமையானது இரத்தப் பரிசோதனைத் தாள் மட்டும்தான். வேறு சில ஆண்களுக்குக் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் பட்டையைத் தோலில் ஒட்டினார்கள். அதிலும் இதே கதை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் போலியூ என்ற விஞ்ஞானியின் குழுவினர் 60 முதல் 79 வயதுவரை உள்ள 280 பேருக்கு ஒரு வருடம் 50 மில்லிகிராம் கொடுத்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். எழுபது தாண்டிய பெண்களுக்கு எலும்பிலும் தோலிலும் ஓரளவு பலன் தெரிந்தது. அரிசி மூட்டைக்கு அதில் ஆதரவு இல்லை.

வைட்டமின் அடுக்கில் இருப்பதை நம்பவேண்டாம். 1985-இல் அமெரிக்காவில் இதன் கடை விற்பனையை நிறுத்தினார்கள். 1994-இல் வந்த சட்டம் அதை உணவுத் துணைப்பொருள் ஆக்கிவிட்டது. பலன் உண்டு என்று விற்பவர் முன்கூட்டி நிரூபிக்கத் தேவையில்லை.

பரு வந்ததில் ஆச்சரியம் இல்லை, ஆண் ஹார்மோன் வேலை அது. மாத்திரையை நிறுத்துங்கள். சாப்பிட்டதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, புராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள்.

பலம்தான் வேண்டுமென்றால் 1994-இல் பாஸ்டனில் வந்த ஆய்வைப் பாருங்கள். முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேர், சராசரி வயது 87. பத்து வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரட்டிப்புக்கு மேல் கூடியது. நடை நல்லதுதான், ஆனால் படித்துறைக்குப் போய் வருவது சிப்பம் தூக்கக் கற்றுக்கொடுக்காது.

கோவை அம்மா:

எனக்கு 63. நாத்தனார் மகள் கொடுத்த இதே மருந்தை 25 மில்லிகிராம் மூன்று மாதம் சாப்பிட்டேன். தோல் பளபளப்பாகும் என்றாள். தாடையில் கம்பி மாதிரி இரண்டு முடி முளைத்தது. ஆண்டுப் பரிசோதனையில் நல்ல கொழுப்பும் இறங்கியிருந்தது. நிறுத்தினேன். முடி இன்னும் வருகிறது, பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பரு ஒன்றோடு போயிற்றே, கொடுத்துவைத்தவர்.

ஸ்கார்பரோவாசி:

ஐயா, நான் யாழ்ப்பாணத்தான், கனடாவில் முப்பது வருடம். தமையனார் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவில் இந்தக் குளிசைப் போத்தலை வாங்கக் கையில் எடுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, கனடாவில் இது கட்டுப்படுத்தப்பட்ட ஸ்டீராய்டுகளின் பட்டியலில் இருக்கிறது, மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடையாது. நயாகராவுக்கு அந்தப் பக்கம் வைட்டமின், இந்தப் பக்கம் ஸ்டீராய்டு! குளிசை ஒன்றேதான். விளையாட்டு வீரர்களுக்கும் தடை. மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கும்பகோணத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரையை நிறுத்திப் பதினோரு நாள் ஆகிறது. பரு உதிர்ந்துவிட்டது. பிஎஸ்ஏ சரியாக இருக்கிறது என்றார் மருத்துவர், கூடவே கொஞ்சம் திட்டினார். மகனுக்கு வருத்தம்தான், பாட்டில் விலையை இரண்டு முறை சொன்னான். நயாகரா கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

கோவை அம்மா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இனி தன் பங்குக்கு எதுவும் அனுப்பவேண்டாம் என்று மகனிடம் அப்போதே சொல்லிவிட்டாள்.

புதுச் சிப்பத்தைப் பிரித்து எட்டு கிலோவை ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, பையை மார்போடு அணைத்து எழுந்திருக்கிறேன், காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. முதல் நாள் ஆறாவதிலேயே தொடை நடுங்கியது, இப்போது பத்தும் முடிகிறது. முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி தினமும் சோற்றுக்கு அரிசியை அந்தப் பையிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.