பழைய விண்டோஸை மறுபடி ஏற்றிய அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கிறது?

டிடிபி வேலைக்காரர்:

எங்கள் மாமா சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், இவ்வளவுதான் வேலை. அவருடைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. அதில் ஓடியது விண்டோஸ் 7, 32 பிட். அதில் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், கூடவே டாங்கிள் (லைசென்ஸுக்கான சின்னச் செருகி) செருகினால்தான் திறக்கும் ஒரு தமிழ் டைப்பிங் மென்பொருள். பல வருஷத்துப் பத்திரிகை மேட்டர் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு அடித்த அதே மேட்டரில் பெயரையும் தேதியையும் மாற்றித் தங்கச்சிக்கும் அடித்துக் கொடுங்கள் என்று வருகிறவர்கள்தான் பாதிப் பேர். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டரிலும் பொதுவான எழுத்துமுறை) தெரியாது. யூனிகோடுக்கு மாறுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடலாம், முகூர்த்த நாள் நெருங்கும்போது அத்தனை மேட்டரையும் திரும்ப அடிக்கப்போவது அவர்தான்.

செகண்ட்ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினார். இன்டெல் 6ஆம் தலைமுறை, விண்டோஸ் 10 ப்ரோ 64 பிட். பேஜ்மேக்கர் ஏறிவிட்டது. டைப்பிங் மென்பொருள் ஏறவில்லை. அதன் செட்டப் ஃபைல் 16 பிட் காலத்தது, 64 பிட் விண்டோஸ் எதுவும் 16 பிட் நிரலை ஓட்டாது. சரி, 10-இலேயே 32 பிட் போட்டால்? போட்டுப் பார்த்தோம். செட்டப் ஓடியது, டாங்கிளின் டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு நிரல்) மாட்டேன் என்றது. அந்த டிரைவருக்குப் புதுப் பதிப்பு கிடையாது. அதற்கு அப்புறம்தான் 7-க்குப் போனோம்.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009-இல். இந்த லேப்டாப்பின் சிப்செட் 2015-ஐச் சேர்ந்தது. எல்லாத் தொல்லையும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், லோகோ வரும், மொழி கேட்கும் திரையும் வரும். இன்ஸ்டால் என்று கொடுத்ததும் சிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை, கொடு என்று கேட்கும். சிடி டிரைவே இல்லாத லேப்டாப்பில் இது எதற்கு என்று பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது தேடுவது தன் பென்டிரைவைத்தான். பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரல்) உதவியோடு அதிலிருந்து எழுந்து வந்தது, விண்டோஸின் சொந்த கர்னல் (மைய நிரல்) பொறுப்பேற்றதும் யுஎஸ்பி போர்ட்டே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. மாடி ஏறியதும் ஏணியை உருவிவிட்ட கதை. 6ஆம் தலைமுறை சிப்செட்டில் பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள், எல்லாப் போர்ட்டும் எக்ஸ்எச்சிஐ என்ற யுஎஸ்பி 3 கன்ட்ரோலர் வழியாகத்தான். 7-இன் இன்ஸ்டாலருக்கு அது தெரியாது, விண்டோஸ் 8-இல்தான் அந்த டிரைவர் உள்ளேயே வந்தது. லேப்டாப்பின் கீபோர்டு பெரும்பாலும் உள்ளுக்குள் பிஎஸ்/2 இணைப்பு என்பதால் வேலை செய்யும். யுஎஸ்பி மவுஸ் நகராது. டேப் கீயாலேயே சமாளிக்க வேண்டும்.

வழி என்னவென்றால், யுஎஸ்பி 3 டிரைவரை முன்கூட்டியே இன்ஸ்டாலருக்குள் புகுத்திவிடுவது. வேறொரு விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் அதற்கு டிஸ்ம் என்ற கட்டளை இருக்கிறது. இன்ஸ்டாலரில் பூட்.விம் (இன்ஸ்டாலரை ஓட்டுவது), இன்ஸ்டால்.விம் (டிஸ்க்கில் ஏறும் விண்டோஸ்) என்று இரண்டு ஃபைல், இரண்டிலும் போட வேண்டும். பூட்.விம்மில் மட்டும் போட்டால் இன்ஸ்டால் முடிந்து முதல் தடவை டெஸ்க்டாப் வந்ததும் யுஎஸ்பி மறுபடி செத்துக் கிடக்கும். பூட்.விம்முக்குள்ளேயே இரண்டு இன்டெக்ஸ் (தனித்தனிப் பகுதி) உண்டு, இன்ஸ்டாலர் ஓடுவது இரண்டாவதில். முதலாவதோடு நிறுத்திக்கொண்டால் பலன் இல்லை. 32 பிட்டுக்கு 32 பிட் டிரைவரே வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பயாஸ். செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட நிரலை மட்டும் பூட் ஆகவிடும் காவல்) அணைத்து, லெகசி பூட்டை (பழைய பயாஸ் முறை) இயக்க வேண்டும். 32 பிட் விண்டோஸ் 7 யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகவே ஆகாது. ஆகவே டிஸ்க்கும் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருக்கக் கூடாது. இன்ஸ்டாலரிலேயே ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி டிஸ்க்பார்ட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவிக்குப் போய் எம்பிஆர் என்ற பழைய முறைக்கு மாற்றினேன். அதில் கொடுக்கும் கிளீன் கட்டளை டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும், முதலில் பேக்கப். இந்த லேப்டாப்பில் இருந்தது சாட்டா எஸ்எஸ்டி (பழைய வகை இணைப்பு), நல்ல வேளை. என்விஎம்இ (புதிய, வேகமான வகை) என்றால் 7-க்கு அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் (கேபி2990941 என்று ஒரு ஹாட்ஃபிக்ஸ் உண்டு). அதோடு பல லேப்டாப்களில் என்விஎம்இயிலிருந்து லெகசி பூட் நடக்கவே நடக்காது.

இன்ஸ்டால் என்பது இருபது நிமிஷக் காரியம். அதற்குப் பின்னால்தான் வேலை. திரை கட்டை கட்டையாகத் தெரியும், வைஃபை இருக்காது, உள்ளே இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் இன்றைய வலைத்தளங்கள் பெரும்பாலும் திறக்காது. அதனால் எல்லா டிரைவரையும், கூடவே ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆரையும் (நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு), முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குரோம் 7-க்கு 109ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது. அப்டேட் தேவைப்படுகிறவர்கள் கேபி4490628, கேபி4474419 இரண்டையும் கையால் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2019-இல் அப்டேட்களின் கையொப்பத்தை எஸ்எச்ஏ-2 என்ற புதிய முறைக்கு மாற்றியது, இவை இல்லாமல் பின்னால் வந்த எதையும் 7 நம்பாது.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் 10 ப்ரோவில் 7 ப்ரொஃபெஷனலுக்கு இறங்கும் உரிமை உண்டு. ஹோம் பதிப்புக்கு அது கிடையாது.

இப்போது டாங்கிளும் பேஜ்மேக்கரும் ஓடுகின்றன. வைஃபையை டிவைஸ் மேனேஜரிலேயே முடக்கி வைத்திருக்கிறேன். 2020 ஜனவரி 14-உடன் 7-க்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலையும் மெயிலும் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் ஏற்றித் தரவே மாட்டேன், மாமாவாக இருந்தாலும் சரி. இன்னொன்று: இதற்காகவே லேப்டாப் தேடுகிறவர்கள் 6ஆம் தலைமுறையோடு நின்றுகொள்ளுங்கள். 7ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் கிராஃபிக்ஸுக்கு அதிகாரபூர்வ விண்டோஸ் 7 டிரைவர் கிடையாது.

*

சர்வீஸ் கடைக்காரர்:

அருமை சார். எங்கள் கடைக்கு 7 கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது வருவதெல்லாம் 11-ஐ எடுத்துவிட்டு 10 போடுங்கள் என்பவர்கள்தான். அதிலும் உங்கள் ஏணிக் கதை வேறு வடிவத்தில் இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் என்றால் 10-இன் இன்ஸ்டாலர் எங்கே போடுவது என்று கேட்கும் இடத்தில் டிஸ்க்கே காட்டாது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயந்து புதிது வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பயாஸில் விஎம்டி என்று ஓர் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும், அதன் பின்னால் எஸ்எஸ்டி ஒளிந்திருக்கும். இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் டிரைவரைப் பிரித்துப் பென்டிரைவில் வைத்து, லோட் டிரைவர் கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். விஎம்டியை அணைத்தாலும் வரும், ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸை வைத்துக்கொள்ள நினைத்தால் அணைக்காதீர்கள், அது பூட் ஆகாமல் நிற்கும்.

பயாஸைத் தொடுவதற்கு முன்னால் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு ஆரம்பித்த லேப்டாப்களில் பல, உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். சாவி அவர்களின் கணக்கில் இருக்கும், கணக்கின் பாஸ்வேர்டு பெரும்பாலும் மகனிடம் இருக்கும், மகன் சிங்கப்பூரில் இருப்பார். அவர் எழுந்திருக்கும் நேரம் பார்த்து நாங்கள் ஃபோன் போட வேண்டும்.

10-இலிருந்து 11-க்கு மேம்படுத்திப் பத்து நாள் ஆகாதவர்கள் இன்ஸ்டாலெல்லாம் செய்யத் தேவையில்லை, செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் கோ பேக் இருக்கிறது. லைசென்ஸ் பிரச்சினையும் பெரிதாக இல்லை, 11-இன் சாவி பயாஸிலேயே இருப்பதால் அதே எடிஷன் 10 தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நம் ஊர் லேப்டாப் பல ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் எடிஷன், 10-உம் அதே எடிஷனாக இருக்கிறதா என்று கவனியுங்கள். 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போட்டுக் கொடுக்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள், 10 தான் வேண்டும் என்கிறார்கள்.

*

கல்லூரி லேப் உதவியாளர்:

அச்சக அண்ணனுக்கு ஒரு கேள்வி. பழைய ஹார்டுடிஸ்க் நன்றாக இருந்தது என்றால் டிஸ்க்2விஎச்டி என்ற கருவியால் அப்படியே இமேஜ் (முழு நகல் ஃபைல்) எடுத்து, விண்டோஸ் 10-க்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) ஓட்டியிருக்கலாமே? எங்கள் லேபில் பழைய எக்ஸ்பி மென்பொருள் ஒன்றை அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஒரே ஃபைல், கெட்டுப்போனால் நேற்றைய காப்பியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

*

டிடிபி வேலைக்காரர்:

யோசித்தேன் தம்பி. டாங்கிளை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் கொடுக்கவும் முடிந்தது, பேஜ்மேக்கரும் திறந்தது. ஆனால் மாமா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸா, இதில் எது என்னுடையது என்று கேட்டார். லேசர் பிரின்டரும் வெளியில் இருக்கும் 10-இல்தான் கிடக்கிறது, ஒவ்வொரு புரூஃபுக்கும் பிடிஎஃப் போட்டு வெளியே எடுக்க வேண்டும். நானோ நீங்களோ பழகிவிடுவோம், அவர் பழகமாட்டார். இமேஜை அழிக்கவில்லை, என் ஹார்டுடிஸ்க்கில் ஒரு காப்பி இருக்கிறது. இந்த லேப்டாப்பும் படுத்துவிட்டால் மறுநாள் காலையில் கடையைத் திறக்க அது போதும்.