வேலூர் பஜாரை வாழவைப்பது ஆஸ்பத்திரியா, தோலா?

பேர்ணாம்பட்டுக்காரன்:
"சி.எம்.சி. ஆஸ்பத்திரி இல்லையென்றால் வேலூரில் கடையே இல்லை" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதினார், ஆளாளுக்குத் தலையாட்டினீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றி நாலு தெரு தாண்டி வெளியே வந்து பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் தோலையும் ஷூவையும் நம்பி நிற்கிற ஊர்கள். ஷூ கம்பெனியில் தைக்கிற பெண் சம்பளம் வாங்கியதும் மளிகை பாக்கியை அடைப்பார், சீட்டுக் கட்டுவார், பிள்ளைக்கு வேன் காசு கொடுப்பார். மிச்சம் இருந்தால் ஒரு புடவை. அத்தனையும் உள்ளூர்க் கடைக்குத்தான் வருகிறது. தீபாவளி போனஸ் ஒரு வாரம் தள்ளிப்போனால் போதும், ஆம்பூர் ஜவுளிக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தோட்டப்பாளையம் லாட்ஜ்:
அண்ணே, நாலு தெரு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த நாலு தெருவில் என்ன நடக்கிறது தெரியுமா? மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நோயாளி ஒருத்தர், கூட இரண்டு பேர். வந்த அன்றே திரும்புகிறவர்கள் இல்லை, வாரக்கணக்கில் தங்குவார்கள். அறை வாடகை, வாடகைக்கு அடுப்பு, பாத்திரம், கடுகெண்ணெய், மீன், காய்கறி, ஆட்டோ, ரீசார்ஜ். உடம்பு கொஞ்சம் தேறினால் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு ஒரு நடை. ஒவ்வொரு ரூபாயும் வெளியூரில் சம்பாதித்தது, செலவாவது இங்கே. 2020 மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்டு அவர்களை அனுப்பியபோது காந்தி ரோடு எப்படி இருந்தது என்று யாரும் மறக்கவில்லை. 2024 ஆகஸ்டுக்கு அப்புறம் வங்கதேசத்துக்காரர்களுக்கு இந்திய விசா சுருங்கியபோதும் முதல் அடி எங்களுக்கு. அடுத்த அடி எங்களுக்குக் காய் போடுகிறவருக்கு.

கணக்குப்பிள்ளை:
இருவரும் பொருளாதாரத்தில் ஒரே பக்கம் நின்றுகொண்டு சண்டை போடுகிறீர்கள். ஷூ வெளியே போய்ப் பணம் உள்ளே வருகிறது. நோயாளி உள்ளே வரும்போதே பணமும் கூட வருகிறது. இரண்டுமே ஏற்றுமதிதான். எவ்வளவு வந்தது என்பதை விட, வந்ததில் எவ்வளவு பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டாமல் இங்கேயே நின்றது என்று பார்க்க வேண்டும். ஒரு ஜோடி ஷூ விலையில் கெமிக்கல், சோல், மெஷின், வட்டி எல்லாம் வெளியே போய்விடும். நிற்பது கூலியும், வேன் வாடகையும், ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போகிற காசும். ஆஸ்பத்திரி பில்லிலும் அப்படித்தான், மருந்தும் கருவியும் வெளியிலிருந்து வருபவை.

அப்புறம், தயவுசெய்து யாரும் ஜி.எஸ்.டி. வசூலை எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், கட்டியது திரும்பி வரும். சிகிச்சைக்குப் பெரும்பாலும் வரி விலக்கு. ஆயிரம் ரூபாய்க்குக் கீழான லாட்ஜ் அறைக்கு 2022 ஜூலை வரை வரியே கிடையாது. வரிக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் வேலூரில் ஆஸ்பத்திரியும் இல்லை, தோலும் இல்லை!

காட்பாடி பையன்:
எங்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 1984-ல் தொடங்கிய எங்கள் இன்ஜினீயரிங் காலேஜ் வி.ஐ.டி. இல்லாமல் காட்பாடியில் இத்தனை பிரியாணிக் கடை ஏது?

பேர்ணாம்பட்டுக்காரன்:
தம்பி, உங்கள் ஃபீஸும் மெஸ்ஸும் காலேஜ் கேட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. செருப்பிலிருந்து சார்ஜர் வரைக்கும் ஆன்லைனில். உங்களால் பிழைப்பது கூரியர் பையன்கள். பிரியாணியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார் சொன்னது எனக்குத்தான் சாதகம். தங்குகிற பணம் கூலி என்றால் கூலி எங்கே அதிகம் என்று பாருங்கள். லாட்ஜ் வருமானம் கட்டட ஓனருக்குப் போகும், அவர் சென்னையில் ஃபிளாட் வாங்குவார். தைக்கிற பெண் மாதனூர்ச் சந்தையைத் தாண்ட மாட்டார்.

தோட்டப்பாளையம் லாட்ஜ்:
தோல் முதலாளி மட்டும் மாதனூர்ச் சந்தையில் கத்தரிக்காயா வாங்குகிறார், அண்ணே? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் நின்றதென்று புலம்பியது யார்? யாரோ வெளிநாட்டில் கையெழுத்துப் போட்டால் உங்கள் சம்பள நாள் ஆடுகிறது. ஆஸ்பத்திரி 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு தொடங்கியது. இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறது.

பேர்ணாம்பட்டுக்காரன்:
எங்களுக்கு ஐரோப்பா இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியும் அசையாமல் இல்லை. ராணிப்பேட்டையில் வளாகம் திறந்து சில துறைகள் அங்கே போனதும், நெடுஞ்சாலை ஓரம் லாட்ஜ் கட்ட இடம் தேடி அலைந்தது தோல்காரர்களா?

பாலாற்று விவசாயி:
இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். விற்பனை, விற்பனை என்கிறீர்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தண்ணீர் கேன் இறங்குகிறது. அதுவும் உள்ளூர் விற்பனைக் கணக்கில்தானே வரும்? கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கும்படி இருந்தவரை அந்த விற்பனையே கிடையாது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்கு இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது. நெல்லும் கரும்பும் போட்ட நிலம் உப்புப் பூத்த பிறகு உரக்கடை, பம்ப்செட் மெக்கானிக், கதிரடிக்கிற மெஷின்காரர் எல்லோரும் வியாபாரம் இழந்தார்கள். கூலிப் பணத்தைக் கூட்டுகிறவர்கள் இதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

பேர்ணாம்பட்டுக்காரன்:
ஐயா, தோல் காசில்தான் தோல் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடக்கிறது...

பாலாற்று விவசாயி:
2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் செத்தார்களே, அதுவும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம்தான்.

குடியாத்தம் கைலி:
நடுவில் வருகிறேன். ஆஸ்பத்திரி வேண்டும், கம்பெனி வேண்டும், சரி. எங்கள் ஊரில் கைலி, தீப்பெட்டி, பீடி. சம்பளம் சின்னது, ஆனால் வேலை வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும், காசு அந்தத் தெருவிலேயே சுற்றும். இன்னொன்று, கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் தெருவுக்குத் தெரு பட்டாளத்து பென்ஷன் வருகிறது. அதை யாரும் தொழில் என்று எழுதுவதில்லை. கொரோனா நேரத்தில் எங்கள் மளிகைக்காரர் பாக்கி இல்லாமல் வசூல் செய்தது அந்த வீடுகளில்தான். என்ன, பாதிச் சாமானை ராணுவக் கேன்டீனில் வாங்கிவிடுகிறார்கள்!

கணக்குப்பிள்ளை:
இதுதான் நான் தேடியது. ஒரு தொழில் எவ்வளவு கொடுக்கிறது என்பதோடு, எந்த மாதம் கொடுக்காமல் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டையில் அரசு கம்பெனியான பெல் (பி.எச்.இ.எல்.) ஆர்டர் குறைந்தபோது சிப்காட் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஒன்றாகப் படுத்தன. டீக்கடைகளும் கூடவே. ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஊருக்கு அதுதான் கதி. என்னைக் கேட்டால் ஆஸ்பத்திரிக்கு ஒரு படி முன்னுரிமை கொடுப்பேன், ஆற்றைக் கெடுக்காததால். பேர்ணாம்பட்டு சார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உண்மையாகவே தெரிய வேண்டும் என்றால் மண்டித்தெரு மொத்தக் கடைகளில் கேளுங்கள். சரக்கு எந்தப் பக்கம் அதிகம் போகிறது, கடன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர்கள் நோட்டைப் பார்த்தே சொல்வார்கள்.

பேர்ணாம்பட்டுக்காரன்:
கேட்கிறேன். ரம்ஜானுக்கு முந்தின வாரம் போய்க் கேட்கிறேன்.

தோட்டப்பாளையம் லாட்ஜ்:
அதெல்லாம் முடியாது. ஆடியில் கேளுங்கள் அண்ணே.