பென் டிரைவில் ஓடும் லுபுண்டு: கரண்ட் போனதும் படுத்துவிட்டது

அண்ணாமார், அக்காமார், தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டிலுள்ள பழைய லெப்டொப்பில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு, பேட்டரியும் இல்லை. ரேம் 4 ஜிபி. புது டிஸ்க் வாங்க இப்போதைக்கு வசதியில்லாததால், 16 ஜிபி பென் டிரைவில் லுபுண்டு 22.04 (பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் இலகுவான லினக்ஸ் சிஸ்டம்) போட்டு ஓட்டுகிறேன்.

முதல் தடவை, பென் டிரைவில் சிஸ்டத்தை எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் பெர்சிஸ்டென்ஸ் (நாம் செய்வதைச் சேமித்து வைக்கும் இடம்) அளவை நகர்த்தாமல் விட்டுவிட்டேன். தங்கச்சி இரவெல்லாம் அடித்த ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) புவியியல் குறிப்பு ஓஃப் பண்ணியதும் காணாமல் போனது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை! பிறகு 6 ஜிபி ஒதுக்கித் திரும்பப் போட்டேன். தமிழ் கீபோர்ட், ஃபைல் எல்லாம் அப்படியே நின்றன.

போன வாரம் மழைக்கு லயத்துப் பக்கம் மரக்கிளை விழுந்து கரண்ட் போச்சு. அதிலிருந்து எஃப்12 அழுத்தி பென் டிரைவைத் தெரிவு செய்தால், லோகோ வந்து, கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' (சிஸ்டம் முழுதாகத் தொடங்குவதற்கு முந்திய கட்டம்) என்று நின்றுவிடுகிறது.

வேறொரு பென் டிரைவில் பூட் பண்ணி, இதன் காஸ்பர்-ஆர்டபிள்யூ பார்ட்டிஷனுக்கு (அந்தச் சேமிப்புப் பகுதிக்கு) எஃப்எஸ்சிகே என்ற பிழை திருத்தும் கட்டளை கொடுத்தால் ஃபைல்கள் தப்புமா? முதலில் முழுதாகக் கொப்பி எடுக்க வேண்டுமா? இங்கே கரண்ட் அடிக்கடி போகும். ரேமில் ஓடும் பப்பி லினக்ஸுக்கு மாறலாமா என்றும் யோசிக்கிறேன், ஆனால் சேவ் பண்ணுவதற்கு முன் கரண்ட் போனால் அதுவும் வம்புதானே? தங்கச்சிக்கு இன்னும் விஷயம் தெரியாது.