நகராட்சிப் பூங்காக்களின் ஆண்டுப் பராமரிப்புச் செலவு: பட்ஜெட்டில் எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: வார்டு_பணி

வணக்கம். நடுத்தர நகராட்சி ஒன்றில் பூங்காக்கள் என் மேற்பார்வைக்கு வந்திருக்கின்றன. 14 பூங்கா, ஒரு விளையாட்டுத் திடல், கூரை போட்ட ஒரு ஷட்டில் கோர்ட். பட்ஜெட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘பூங்கா பராமரிப்பு’ என்று ஒரே தலைப்பு. போன ஆண்டுத் தொகையோடு 10 சதவீதம் கூட்டிப் போடுவதுதான் வழக்கம். ஜனவரியிலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் மார்ச் முடியும்வரை தண்ணீர் விடக்கூட ஆள் இல்லை.

ஒரு பூங்காவுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று எதை வைத்துக் கணக்கிடுவது? ஒப்பந்ததாரர்கள் மதிப்பீட்டைவிட 30 சதவீதம் குறைத்து டெண்டர் எடுக்கிறார்கள், பிறகு ஐந்து பேர் வேலைக்கு இரண்டு பேர்தான் வருகிறார்கள். மத்திய அரசின் அம்ருத் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் போட்ட ஊஞ்சல், சறுக்கு எல்லாம் அதற்குள் உடையத் தொடங்கிவிட்டன. கவுன்சிலர்கள் நுழைவுக் கட்டணம் வைக்கச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கணக்குப்பிரிவு

மேடம், 10 சதவீதம் கூட்டும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். பூங்காவின் செலவில் பெரும்பங்கு ஆள்கூலி, அடுத்தது தண்ணீர். இரண்டையும் அளந்துதான் போட வேண்டும், குத்துமதிப்பு உதவாது.

ஆள்கூலியைப் பார்ப்போம். உங்கள் மாவட்டத்தில் ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக 600 ரூபாய் என்று வைப்போம். 26 நாளுக்கு 15,600. அதன்மேல் வேலையளிப்பவர் பங்காகப் பி.எஃப். 13 சதவீதம் (15,000 உச்சவரம்பில் 1,950), இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் (507), போனஸ் 8.33 சதவீதம் (ஏறத்தாழ 1,300). மொத்தம் 19,350 சொச்சம். பூங்கா 30 நாளும் திறந்திருக்கும், ஆளுக்கு வார விடுப்பு உண்டு. ஆகவே ஓர் இடத்தை மாதம் முழுக்க நிரப்ப 30-ஐ 26-ஆல் வகுத்து, அதாவது 1.15 ஆள் என்று போட வேண்டும். மாதம் சுமார் 22,300, ஆண்டுக்கு 2.68 லட்சம். பல மதிப்பீடுகளில் இந்த 1.15 விட்டுப்போகிறது. பிப்ரவரி, மார்ச்சில் கை கடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

30 சதவீதக் குறைப்புக்கும் விடை இதில்தான் இருக்கிறது. செலவில் முக்கால்வாசி சட்டப்படியான கூலி என்றால் அதில் 30 சதவீதம் குறைய வழியே இல்லை. ஆளைக் குறைத்தோ பி.எஃப். கட்டாமலோதான் குறைக்க முடியும். டெண்டர் ஆவணத்திலேயே கூலிப் பகுதியை மாறாத தொகையாகக் காட்டிவிட்டு, சேவைக் கட்டணம், கருவி, உரம் ஆகியவற்றுக்கு மட்டும் விலை கேளுங்கள். மாதப் பில்லோடு முந்தைய மாத பி.எஃப். சலானும், ஆள்வாரிப் பட்டியலும், வங்கி வழியே கூலி போனதற்கான பட்டியலும் வந்தால்தான் பணம் என்று நிபந்தனை போடுங்கள். வராத ஆளுக்கு எவ்வளவு பிடித்தம் என்பதையும் ரூபாயில் எழுதிவிடுங்கள். ‘தகுந்த அபராதம்’ என்று எழுதினால் யாரும் பிடிக்க மாட்டார்கள்.

ஜி.எஸ்.டி.யையும் கவனியுங்கள். பூங்கா பராமரிப்பு, நகராட்சிப் பணிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் 12-வது அட்டவணையில் வருகிற பணி. 243டபிள்யூ பிரிவின் கீழ் வரும் பணிகளுக்காக உள்ளாட்சிக்குத் தருகிற தூய சேவைக்கு, அதாவது பொருள் கலக்காத வேலைக்கு, வரிவிலக்கு உண்டு. பொருள் கலந்திருந்தாலும் அதன் மதிப்பு 25 சதவீதத்துக்குள் இருந்தால் விலக்குதான். அதே பராமரிப்பைச் சுற்றுச்சுவர் பழுதோடு சேர்த்து ஒரே வேலை ஒப்பந்தமாக விட்டால் 18 சதவீதம் தலையில் ஏறும். பராமரிப்பையும் கட்டுமானத்தையும் தனித்தனி டெண்டராக விடுங்கள்.

15-வது நிதிக்குழுவின் (2021-26) கட்டுப்பாடற்ற மானியத்தைக்கூட, அதாவது குறிப்பிட்ட பணிக்கென்று கட்டிவைக்காத பணத்தைக்கூட, சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொட முடியாதபடிதான் விதி இருந்தது. அம்ருத் பணம் பூங்கா அமைப்பதற்கு வந்தது. ஆக, அன்றாடப் பராமரிப்பை வருவாய் நிதியிலிருந்துதான் தாங்க வேண்டும். புதுப் பூங்காவுக்கு மன்றத் தீர்மானம் வரும்போதே அதன் ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் அதே தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

பதில் 2: திடல்_ஏ.இ.

விளையாட்டுக் கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நகராட்சிக் காசை எடுக்கும் முன் அந்த ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ஒப்பந்ததாரரே தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம்) முடிந்துவிட்டதா என்று கோப்பில் பாருங்கள். முடியவில்லை என்றால் பிடித்து வைத்த தொகையை விடுவிக்காமல் ஒப்பந்ததாரரையே சரிசெய்ய வையுங்கள்.

ஊஞ்சலில் முதலில் தேய்வது சங்கிலி மேல் கம்பியில் தொங்கும் கொக்கி. கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டும். கொக்கியின் வாய் 1 மி.மீ.க்கு மேல் திறந்திருந்தாலோ, கண்ணியின் தடிமன் கால் பங்கு தேய்ந்திருந்தாலோ அன்றே கழற்றிவிடுங்கள். பலகைக்கும் தரைக்கும் இடையே 350 மி.மீ. இருக்க வேண்டும். காலடியில் மண் அரித்துப் பள்ளம் விழுந்தால் பலகை உயரமாகிவிடும், சிறு குழந்தை ஏற முடியாது, விழுந்தால் அடியும் பலம்.

கம்பித் தடுப்புகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்து பாருங்கள். 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் இடைப்பட்ட சந்து ஆபத்தானது. குழந்தையின் உடல் நுழையும், தலை சிக்கிக்கொள்ளும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பழுது பார்த்துத் திரும்பும் கருவிகளில் இந்தத் தவறு அதிகம், ஏனென்றால் உடைந்த கம்பி ஒன்றை எடுத்துவிட்டு அப்படியே அனுப்பிவிடுவார்கள்.

சறுக்கின் கீழ் மணல் 300 மி.மீ. ஆழம் வேண்டும். 10 மீட்டருக்கு 8 மீட்டர் இடம் என்றால் 24 கன மீட்டர், அதாவது சுமார் எட்டரை யூனிட். தூசி கலந்த எம்-சாண்ட் போடாதீர்கள். ஒரு மழை பெய்தால் இறுகிக் கட்டாந்தரை ஆகிவிடும். கழுவிய, களிமண் இல்லாத, 0.2 முதல் 2 மி.மீ. வரையிலான உருண்டை மணல்தான் விழுகிற அதிர்ச்சியைத் தாங்கும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும், ஐப்பசி-கார்த்திகை மழைக்குப் பிறகு மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும். கான்கிரீட்மேல் ஒட்டிய 20, 25 மி.மீ. ரப்பர் ஓடு பார்க்க அழகாக இருக்கும், உயரமான சறுக்குக்குப் போதாது.

ஃபைபர் சறுக்கை மேற்கு வெயில் படும்படி வைத்தால் மாலையில் தொடைக்குச் சூடு வைக்கும், மேல்பூச்சும் சீக்கிரம் போகும். பூச்சு போய் நார் வெளியே தெரிந்தால் கையில் குத்தும். அந்த நிலைக்கு வரும் முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஜெல்கோட் பூசிவிட்டால் செலவு சிறிது.

திறந்தவெளி ஜிம்மில் பேரிங்கும் அடித்தூணும்தான் தொல்லை. பேரிங்கின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைக் குறித்துக் கருவிக்கு இரண்டு வாங்கி இருப்பில் வையுங்கள். தூண் கான்கிரீட்டைச் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் தேங்காதபடி சாய்வாகச் சிமென்ட் பூசுங்கள், அங்கேதான் துரு தின்னும். நைலான் உள்ள நட்டு போட்டால் அதிர்வில் கழலாது.

விளக்குக் கம்பங்களுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாவிட்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் போடுங்கள். மழை நாளில் ஈரக்கையோடு கம்பத்தைப் பிடிப்பது குழந்தைகள்தான்.

பதில் 3: புங்கமரம்

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் புல்தரைக்கு நாளைக்கு 5 மி.மீ. அளவுக்கு வேண்டும். ஒரு ஏக்கர் பூங்காவில் பாதி புல் என்றால் 2,000 சதுர மீட்டர், நாளைக்கு 10,000 லிட்டர். ஆழ்துளைக் கிணறு வற்றினால் 12,000 லிட்டர் லாரி ஏறத்தாழ தினமும் ஒன்று. சித்திரை, வைகாசிக்கு 50 லாரிக்கு மேல். இதை உங்கள் ஊர் லாரி விலையால் பெருக்கிப் பாருங்கள், புல்தரையின் உண்மையான விலை தெரியும்.

அதனால் புல்லை மக்கள் உட்காரும் இடத்தோடு நிறுத்துங்கள். மற்ற இடத்தில் புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் வைத்து, அடியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். கூட்டிய சருகை லாரியில் ஏற்றி அனுப்புவது காசு கொடுத்து உரத்தை வெளியே கொட்டுவதுதான். கோனோகார்பஸ் என்னும் வெளிநாட்டு மரத்தை எங்கேயாவது நட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அதற்குத் தமிழக அரசு தடையே போட்டிருக்கிறது.

சொட்டுநீர்க் குழாயைப் புல்வெட்டி போகும் பாதையில் மேலாகப் போட்டால் ஒரே மாதத்தில் துண்டு துண்டாகிவிடும். மரக்கன்றுகளுக்கு மட்டும் போடுங்கள், வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் துளை அடைத்துக்கொள்ளும். புல்லுக்கு விடியற்காலை ஸ்பிரிங்க்ளர் போதும்.

பதில் 4: நகரமைப்பு_மேசை

கட்டணத்தைப் பற்றிக் கணக்குப்பிரிவு சார் சொல்லவில்லை. அவர் காட்டிய கூலியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கொடுக்கக் காலை, மாலை என்று இரண்டு ஆள், மாதம் 44,600. தலைக்கு 5 ரூபாய் என்றால் நாளுக்கு 300 பேர் காசு கொடுத்து வந்தால்தான் அந்த இருவரின் கூலியே தேறும். தெருவோரப் பூங்காவில் அது நடக்காது. நடந்தாலும் காசில்லாத குழந்தை கேட்டுக்கு வெளியே நிற்கும். என்னைப் பொறுத்தவரை வார்டுப் பூங்காவுக்குக் கட்டணம் கூடவே கூடாது.

ஷட்டில் கோர்ட் வேறு. அங்கே ஒரு நேரத்தில் நாலு பேர்தான் ஆட முடியும், மணிக்கணக்கில் வாடகை நியாயமே. ஆளில்லாமல் க்யூஆர் வழியே நேராக நகராட்சிக் கணக்குக்குப் பணம் வரட்டும். மாலை நாலிலிருந்து ஆறுவரை பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. 14 பூங்காவில் மனைப்பிரிவிலிருந்து வந்த திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம் எத்தனை என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தானப் பத்திரம், நகராட்சி பெயரில் பட்டா, புல வரைபடம் மூன்றும் கோப்பில் இருக்கிறதா? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் பொதுவெளியாக வந்திருக்க வேண்டும். பட்டா மாறாமல் கிடந்தால் நாளைக்கே ஒருவர் வேலி போடுவார். அளந்து கல் நட்டு, பரப்பளவோடு பலகை வைக்கும் செலவையும் இந்த ஆண்டே சேருங்கள்.

வார்டு_பணி

மிக்க நன்றி. எல்லாவற்றுக்கும் ஒரே ஆண்டில் நிதி கிடைக்காது. குறைக்க வேண்டி வந்தால் எதில் கை வைப்பது?

கணக்குப்பிரிவு

புதுக் கருவி, நீரூற்று, அலங்கார வளைவு, மறுபடி பெயின்ட் ஆகியவற்றில் குறையுங்கள். ஆள், தண்ணீர், சங்கிலி-பேரிங் உதிரி, மின் பாதுகாப்பு இந்த நான்கிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். இவற்றைத் தனித்தனித் துணைத்தலைப்பாகப் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவைப் பாருங்கள். டிசம்பர் முடிவில் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தால், பணம் தீரும்வரை காத்திருக்காமல் திருத்திய மதிப்பீட்டில் கேட்டுவிடலாம்.