டைமிங் பெல்ட்: ‘கால வார்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். எஞ்சினில் இருக்கும் டைமிங் பெல்ட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது. உங்கள் வரிகளை ‘>’ குறியிட்டு மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

> டைமிங் என்றால் காலம், பெல்ட் என்றால் வார். ‘கால வார்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே, எதற்கு இத்தனை மடல்?

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். நாற்சக்கர ஓட்டம் (ஃபோர் வீல் டிரைவ்) உள்ள டீசல் வண்டிக்கான பராமரிப்புக் குறிப்பு அது. ‘கால வாரைச் சோதிக்கவும்’ என்ற வரியைப் படித்த ஓட்டுநர் ஒருவர், “காலாவதியான பெல்ட்டையா சொல்றீங்க?” என்று கேட்டார். சேர்த்து எழுதினால் காலை வாருவது போலவும் ஒலிக்கிறது. அறுந்தால் நடப்பது அதுதான் என்பது வேறு கதை.

இந்த பெல்ட் நேரம் எதையும் காட்டுவதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைப்பது இதுதான். கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். பல டீசல் எஞ்சின்களில் எரிபொருள் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. எல்லாம் ஒரே அடவில் ஆட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலே புகையும் திணறலும் வந்துவிடும். அதனால்தான் புது பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல்சக்கரங்களில் உள்ள குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். இதைச் சொல்ல ‘இசைவு வார்’ பொருந்தும் என்பது என் கட்சி.

> ‘பல்வார்’ சின்ன சொல். ஜெர்மனிலும் அப்படித்தான்.

சொல் அழகுதான். ஆனால் பல் உள்ள பெல்ட் எல்லாம் டைமிங் பெல்ட் இல்லையே. மிட்சுபிஷியின் 4டி56 டீசல் எஞ்சினில் பெரிய பெல்ட்டுக்கு உள்பக்கம், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் தண்டுகளுக்கென்று சின்னதாக இன்னொரு பல் பெல்ட் ஓடுகிறது. சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் இரண்டும் போச்சு. ‘பல்வாரை மாற்றவும்’ என்று எழுதினால் எதை மாற்றுவது? ‘பல்வார்’ பொதுப்பெயராக இருக்கட்டும், ‘இசைவு வார்’ அதில் ஒரு வகை.

அடுத்தது, எனக்கு இதைவிடப் பெரிய தலைவலி: சோதிப்பதற்கும் மாற்றுவதற்குமான கெடு. இதற்குத் ‘தவணை’ என்பேன், எல்லோருக்கும் தெரிந்த சொல். டொயோட்டாவின் பல டீசல் வண்டிகளில் தவணை வந்ததும் ‘டி-பெல்ட்’ என்று ஒரு விளக்கு எரியும். எஞ்சினையும் விற்கப்படும் நாட்டையும் பொறுத்து 1,00,000 அல்லது 1,50,000 கிலோமீட்டர். அந்த விளக்கு ஓடிய தூரத்தை மட்டும் எண்ணுகிறது, பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை. பெல்ட்டை மாற்றாமலே விளக்கை அணைத்துவிடவும் முடியும். பழைய வண்டி வாங்குபவர்கள் கவனிக்கவும்.

சோதித்தால் தெரிவது என்ன? பல்லின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், கசியும் ஆயில் சீலால் வந்த எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தளர்ந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே சோதனையைக் காரணம் காட்டித் தவணையை முன்னே இழுக்கலாம், தள்ளிப்போட முடியாது. கையேட்டுத் தமிழில் இந்த வேறுபாடு மங்கிவிடக் கூடாது. ‘சோதித்து, தேவைப்பட்டால் மாற்றவும்’ என்று எழுதினால், பார்க்க நன்றாக இருக்கிறது என்று அப்படியே மூடிவிடுவார்கள்.

சேற்றிலும் ஆற்றிலும் இறங்கும் வண்டிக்குத் தவணை இன்னும் முந்தும். உறைக்குள் மணல் போனால் பல்லைத் தேய்க்கும். தாழ்ந்த கியரில் மணிக்கணக்காக ஊர்ந்தால் மீட்டரில் தூரம் ஏறாது, பெல்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அதனால் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அது’ என்ற தொடரை விடாமல் எழுத வேண்டும்.

பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும் வகை எஞ்சினுக்கு ‘முட்டு எஞ்சின்’ போதுமா? டீசலில் அழுத்தம் அதிகம், பிஸ்டன் தலைக்கு மேல் இடம் குறைவு, எனவே பெரும்பாலும் எல்லாமே முட்டுபவைதான்.

பெல்ட் தளராமல் பிடித்திருக்கும் டென்ஷனருக்கு ‘இறுக்கி’ என்று போட்டுவிட்டேன். பெல்ட்டோடு அதையும் மாற்றச் சொல்லியாயிற்று. ஐட்லர் கப்பிக்குத்தான் சொல் அகப்படவில்லை. வேறெதையும் ஓட்டாமல், பெல்ட்டுக்கு வழி மட்டும் காட்டும் உருப்படி அது. ‘சும்மா கப்பி’ என்று எழுத ஆசை, பட்டறையில் சிரிப்பார்கள். ‘வழிக்கப்பி’?