சிறிய விமானமும் பனிக்கட்டியும்: பைலட்கள் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம். உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகன் அமெரிக்காவில், மிச்சிகனில், செஸ்னா 172 ஓட்டப் பழகுகிறான். அங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது, இங்கே அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த விமானத்தில் பைட்டோ குழாயை (வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் குழாய்) சூடாக்கலாம், ஆனால் இறக்கையில் படியும் பனிக்கட்டியை உதிர்க்க ஒன்றும் கிடையாது. கொடைக்கானலில் ஜனவரி விடியலில் கார் மேல் சொரசொரவென்று படியுமே உறைபனி, அந்த அளவு இறக்கையில் இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறைந்துவிடும், அதனால் கிளம்புவதற்கு முன் முழுக்கத் துடைத்தாக வேண்டும். அதில் அவன் கறார்தான். சரி, என் கேள்வி வேறு. பனிக்கட்டி பிடிக்கும் என்று தெரிந்த வானிலைக்குள் இந்த விமானம் போகக் கூடாது என்பது விதி. முன்னறிவிப்பில் 'மேகத்துக்குள் வாய்ப்பு உண்டு' என்று மட்டும் இருக்கிறது, முன்னால் போன பைலட் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் அது 'தெரிந்த' கணக்கில் வருமா? "சூழலைப் பொறுத்தது மாமா" என்கிறான், எனக்கு அது போதவில்லை.

அப்புறம், மீறி மாட்டிக்கொண்டால் வந்த வழியே திரும்புவதா, உயரம் குறைப்பதா? தரையிறங்கும்போது ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பகுதி) எவ்வளவு இறக்கலாம்? குளிர்ப் பிரதேசத்தில் ஓட்டியவர்கள் விவரமாக எழுதுங்கள், அப்படியே அவனுக்கு அனுப்புகிறேன்.